பத்தாயிரத்தில் ஒரு தடவை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அக்காவிடமிருந்து கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கியது என்பதுகூடக் கொஞ்சம் பொய். போன ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு அழுதாள். நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இதை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவனைத் தம்பியாகப் பெற்றவர்கள் பாவம்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

கத்தி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார். அந்த நொடியில்—

அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

2

மரியாதையாகவே ஆரம்பிக்கிறேன். அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறார். ஐந்நூறு தாளை அடுக்கி வைத்தால், மேலிருந்து ஒரு பெரிய கத்தி இறங்கி ஒரே வெட்டாக வெட்டும். பழைய இயந்திரம், கை குறுக்கே வந்தால் நிற்கத் தெரியாது. அக்கா மின்னணுச் சாமான்கள் பழுது பார்ப்பவள். புருஷன் பத்து விரலோடு வீட்டுக்கு வர வேண்டுமென்று தானே ஒன்று செய்தாள். கத்திக்கு முன்னால் ஓர் ஒளிக்கற்றை. பக்கத்தில் உள்ளங்கை அளவே உள்ள ஒரு கணினிப் பலகை, அதன் ஓரத்தில் வரிசையாகப் பின்கள், அதாவது வயர் செருகும் சின்ன உலோக முனைகள். கை ஒளியை மறைத்தால் ஒரு பின் வழியாகச் சேதி உள்ளே போகும். பலகை உடனே இன்னொரு பின் வழியாகக் கத்தியை நிறுத்தும்.

அந்த 'உடனே'யோடு அக்கா மூன்று வாரம் மல்லுக்கட்டினாள்.

(இங்கே கொஞ்சம் பாடம் வருகிறது. கொட்டாவி வந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்; அக்காவிடம் சொல்ல மாட்டேன்.) முறைப்படி ஒரு பின்னை இயக்க, பலகையில் ஓடும் இயங்குதளத்திடம் ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்க வேண்டும். அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைப் போன்றது. அக்கா அந்த வரிசையில் நிற்காமல், அந்தப் பின்னுக்கென்று சிப்பின் நினைவகத்தில் இருக்கும் இடத்தில் நேராகவே எழுதினாள். இருநூறு மடங்கு வேகம். பத்தாயிரம் தடவை சோதித்துச் சராசரி எடுத்தாள்.

"கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஆயிரம் தடவ நிறுத்தும்டா" என்றாள். தலைகால் புரியவில்லை அவளுக்கு.

3

அத்தானைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கதாபாத்திரமாக அவரை யார் நம்புவார்கள்? மனைவியை நினைத்து இவ்வளவு பெருமைப்படுகிற கணவனைக் கதையில் வைத்தால், அவனிடம் ஏதோ கள்ளத்தனம் இருக்கிறது என்றுதான் வாசகர் காத்திருப்பார். இவரிடம் ஒன்றும் இல்லை. அச்சகத்துக்கு யார் வந்தாலும், மை கொண்டுவருபவரோ ரசீதுப் புத்தகம் அடிக்க வந்தவரோ, "இங்க வாங்க, ஒரு வேடிக்கை பாருங்க" என்று கூப்பிடுவார். கத்தியை இறக்குவார். பாதி வழியில் கையை நீட்டுவார். கத்தி நின்றுவிடும்.

"நம்ம வீட்டம்மா செஞ்சது" என்பார்.

இரண்டு மாதமாக இப்படி. ஐம்பது தடவைக்குக் குறையாது.

போன சனிக்கிழமை வேறொரு வேலைக்காக அக்கா அந்தப் பழைய சோதனைப் பட்டியலைத் திறந்தாள். சராசரியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டவள், அதிகபட்சத்தைப் பார்க்காமலே விட்டிருக்கிறாள். வேலை தெரியாதவர்கள் இந்தத் தவறைச் செய்யவே முடியாது. பத்தாயிரத்தில் ஒரே ஒரு தடவை, பலகை நாற்பது மில்லி விநாடி தாமதித்திருக்கிறது. அவள் நிரலில் குறையில்லை. அந்தக் கணத்தில் இயங்குதளம் அதை ஓரமாக நிற்க வைத்துவிட்டு வேறு ஏதோ வேலை பார்க்கப் போயிருக்கிறது.*

* நாற்பது மில்லி விநாடியில், நீட்டுகிற கை ஆறு சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். அக்கா தன் ஆள்காட்டி விரலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தாளாம். ஏழு இருந்தது.

அன்றைக்கே அச்சகத்துக்குப் போய், ஒளிக்கற்றையின் வயரைக் கத்தியை நிறுத்தும் சுவிட்சோடு நேராக இணைத்துவிட்டாள். பலகை இனிமேல் எத்தனை வெட்டு என்று எண்ண மட்டும் செய்யும். "சும்மா வயர் மாத்துறேங்க" என்றாள் அத்தானிடம். அவர் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

4

முடிவு ஒன்று: விரல் போகிறது. அக்கா படித்தாள்.

"என் புருஷன் விரல வெட்டித்தான் நீ கதை எழுதணுமா?"

"கதையிலதானே அக்கா."

"கதையிலயும் வேண்டாம்." பேனாவைப் பிடுங்கி அவளே அடித்தாள். தாள் கிழிந்துவிட்டது.

முடிவு இரண்டு: அக்கா உண்மையைச் சொல்கிறாள்; அத்தான் சிரித்துக்கொண்டே "அட, அதான் ஒண்ணும் ஆகலயே" என்கிறார். அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆனால் அவ்வளவு சுலபமாக மன்னிக்கப்பட்டால் அக்கா உடைந்துபோவாள். அடித்தது நான்.

முடிவு மூன்று: யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோரும் நலம். [இது ஆகாது. அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். நேற்றுகூட. புது இணைப்பு நல்ல இணைப்புதான். அதற்காக எந்த இணைப்பை நம்பியும் கத்திக்குக் கீழே விளையாடலாமா? வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.]

"சொல்லிடுக்கா" என்றேன்.

"வாயத் தொறந்தா அழுகைதான்டா வருது. அவர் மெஷின நம்பியா கைய நீட்டினாரு? என்னை நம்பி நீட்டினாருடா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ எழுது. நீ எது எழுதினாலும் மொதல்ல படிக்கிறது அவருதானே."

5

ஆகவே, வாசகர் என்று இவ்வளவு நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்ததை இத்துடன் நிறுத்துகிறேன்.

அத்தான், நாளைக் காலையில் நான் உங்கள் வீட்டுக்கு வந்ததும் "புதுசா ஏதாச்சும் எழுதினியா மச்சான்?" என்று கேட்பீர்கள். இந்தத் தாள்களைக் கொடுப்பேன். பிழை திருத்தப் பென்சிலோடு உட்கார்வீர்கள். எந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்தீர்கள் என்று தெரியவில்லை. இங்கே வரைக்கும் வந்துவிட்டீர்கள். அக்கா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். உங்களுக்குக் கோபம் வரலாம், வர வேண்டியதுதான். அந்தக் கோபத்தை எழுதிப் பார்த்தேன், எனக்கு வரவில்லை.

கீழே பாதிப் பக்கம் காலியாக இருக்கிறது. அதில் எதுவும் எழுதாதீர்கள். எழுந்து அவளிடம் போங்கள். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்க மாட்டேன், அத்தான்.