எந்தப் பெட்டி வாங்குவது?

தைப்பூசம் முடிந்த மறுவாரம் தனேஸ்வரியின் சிடி பிளேயர் நின்றுபோனது. தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் கரகரக்கும், அதோடு சரி. ரவாங்கில் ரிப்பேர் கடை வைத்திருந்த சீனர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் இனிமேல் வராது என்று கையை விரித்துவிட்டார்.

அவளிடம் முந்நூற்று நாற்பது சிடி இருந்தன. ரவாங் கம்பெனியில் தகடு அடிக்கும் மெஷினுக்கு வேலைக்குப் போன பத்தொன்பதாவது வயதிலிருந்து, ஒவ்வொரு சம்பளத்துக்கும் ஒன்றோ இரண்டோ வாங்கிச் சேர்த்தவை. இப்போது நாற்பத்தேழு வயது. மெஷினை விட்டு ஆபீசுக்குள் வந்து ஆறு வருஷமாகிறது. புருஷன் புனிதன் புக்கிட் பெருந்துங்கில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பகலெல்லாம் தூங்குவான். அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்தே அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டுதான் பாட்டுக் கேட்பாள்.

"இப்ப யாரு சிடி கேக்குறாக்கா? எல்லாம் ஃபோன்லயே வருதுலா," என்றாள் ஆபீசில் பக்கத்து மேசை மாலா.

வரவில்லை. தனேஸ்வரி தேடிப் பார்த்துவிட்டாள். சினிமாப் பாட்டு வந்தது. ஆனால் அவளிடம் பாதிக்கு மேல் உள்ளூர் ஆட்கள் பாடிய ஆல்பங்கள். அவற்றை யாரும் எங்கேயும் ஏற்றி வைத்திருக்கவில்லை. மாலாதான் எல்லாவற்றையும் லேப்டாப்பில் போட்டு ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிடச் சொன்னாள். மூன்று மாசம், தினமும் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு தட்டாகப் போட்டு எடுத்தாள். கடைசித் தட்டும் முடிந்த அன்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு டிஸ்க் அவள் கையில் இருந்தது. லேப்டாப் இல்லாமல் அதை எதில் செருகினால் பாட்டு வரும் என்பது மட்டும் தெரியவில்லை.

அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. யூடியூபில் ஒருவன் ஸ்ட்ரீமர் வாங்கு என்றான். இன்னொருவன், சொந்தப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ரீமர் ஆகாது, சர்வர்தான் வேண்டும் என்றான். மூன்றாவது ஆள் இரண்டும் வீண், முதலில் நல்ல டேக் ஒன்று வாங்கு என்றான். டேக் என்றால் என்னவென்று தேடப் போனவள், ஒரு மணி நேரம் கழித்து எதைத் தேடி வந்தோம் என்பதையே மறந்துபோனாள். சர்வர் என்ற வார்த்தை அவளுக்கு ஆபீசில் பழக்கம். குளிர் அறைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள், மாசத்துக்கு ஒரு தடவை படுத்துக்கொள்ளும், அன்றைக்கு யாருக்கும் வேலை ஓடாது. அதை எதற்கு வீட்டுக்குள் கொண்டுவருவது?

"கடைக்கே போயி கேட்டுடுவோமே," என்றான் புனிதன்.

கோலா சிலாங்கூரில் திருச்செல்வம் என்பவர் வீட்டின் முன்னறையிலேயே இந்தச் சாமான்களை வைத்து விற்கிறார் என்று மாலா நம்பர் கொடுத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பெஸ்தாரி ஜெயா தாண்டி இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்தான். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது, முந்த வழியில்லை. மடியில் டிஸ்கை வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதையெல்லாம் அவள் மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே வந்தாள்.

திருச்செல்வத்துக்கு நாற்பது வயது இருக்கும். பொறுமையான மனுஷன். அவள் கேட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, சர்வர்ங்கிறது தண்ணித் தொட்டி. ஸ்ட்ரீமர் குழாய். பாட்டு இருக்கிற எடம் சர்வர், அத எடுத்து விடுறது ஸ்ட்ரீமர். அவ்வளவுதான்," என்றார்.

"அப்ப எங்கிட்ட தொட்டி இருக்கா, இல்லையா?"

"இந்த டிஸ்குதான் தொட்டி. நீங்க குழாய் வாங்கினா போதும்."

"டேக்?"

"அது டிஸ்குல இருக்கிறத காதுக்குக் கேக்கிற சத்தமா மாத்துற சாமான். குழாய்க்குள்ளயே இருக்கு. சிலதுல நல்லா இருக்கும், சிலதுல சுமாரா இருக்கும்."

"எதுல நல்லா இருக்கும்?"

"அத உங்க காதுதான் சொல்லணும்," என்று சிரித்தார்.

மேசையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலாவது சோப்புப் பெட்டி அளவுதான். மூன்றாவது கனமான இரும்புப் பெட்டி, விலையும் முதலாவதைப்போல நாலு மடங்கு. தலைக்கு மேலே சுழன்ற காற்றாடியின் சத்தம் தொந்தரவு செய்யாமல் இருக்க ஒரு பெரிய ஹெட்போனைக் கொடுத்து, அவரே வைத்திருந்த வீணைக் கச்சேரி ஒன்றை மூன்று பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போட்டார்.

தனேஸ்வரி கண்ணை மூடிக் கேட்டாள். மூன்றும் ஒரே மாதிரியே இருந்தன. மறுபடி போடச் சொன்னாள். அப்போதும் அப்படியே. புனிதன் மாட்டிக் கேட்டுவிட்டு, "ரெண்டாவது நல்லாருக்குலா," என்றான். எதை வைத்துச் சொல்கிறான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. இருபத்தெட்டு வருஷமாகப் பாட்டுக் கேட்கிறவள் அவள்.

"வீணைய விடுங்கக்கா. புல்லாங்குழல கவனிங்க. மூணாவது பெட்டியில அந்த மூச்சுக் காத்துகூட கேக்கும்," என்றார் திருச்செல்வம்.

"எந்தப் புல்லாங்குழல்?"

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "இடது பக்கம். ஆரம்பத்துலேருந்தே வருதுக்கா."

வயர் லூசாக இருக்கும் என்று பிடுங்கிச் செருகினார். வேறு வயர் மாற்றினார். ஹெட்போனைத் தானே மாட்டிக் கேட்டார். புனிதனிடம் கொடுத்தார். "ரெண்டும் கேக்குதே," என்றான் அவன். மறுபடி அவளிடம் வந்தது. வீணை மட்டும்தான்.

"திருப்பி மாட்டுங்கக்கா. வலதை இடது காதுல."

திருப்பி மாட்டினாள். வீணை காணாமல் போனது. வலது காதில் புல்லாங்குழல் தெளிவாக, வாசிப்பவனின் மூச்சோடு சேர்ந்து ஒலித்தது. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தேநீர் போடட்டுமா என்று திருச்செல்வம் கேட்டார். வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் புனிதன் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று நினைத்தான் போலிருக்கிறது. "அப்ப இதுக்கெல்லாம் ஏன் செலவு பண்ணணும்? ஃபோன்லயே கேட்டா போதும்லா," என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இடது காது எப்போதிலிருந்து கேட்கவில்லை என்ற கேள்விதான் வீடு வரும் வரை மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனை எப்போதும் வலது காதில்தான் வைக்கிறாள், அது வலது கைப் பழக்கம் என்று நினைத்திருந்தாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று மாலா கோபித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. திமிர் என்று நினைத்திருப்பாளோ?

அடுத்த வாரம் லீவு போட்டு ரவாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போனாள். சின்ன அறையில் உட்காரவைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வலது காதுக்கு அமுக்கினாள். இடது காதுக்கு வந்தபோது, கேட்கிறதா, கேட்பதுபோல் நினைத்துக்கொள்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு தடவை சும்மா அமுக்கினாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் மாதிரி கூச்சமாக இருந்தது.

டாக்டர் ஒரு தாளில் கோடுகளைக் காட்டினார். இடது காதில் கேட்கும் சக்தி ரொம்பவே குறைந்துவிட்டது, வலது காதிலும் லேசாக.

"மெஷின் சத்தத்துனாலயா டாக்டர்?"

"இருக்கலாம். பழைய இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், அங்க பாத்தாத்தான் தெரியும்."

"எத்தன வருஷமா இப்படி?"

"அத யாரும் சொல்ல முடியாதும்மா. கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும்."

கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்க இரண்டு மாசம் ஆகும் என்றார்கள். காதில் மாட்டும் மெஷின் தேவைப்படலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். முதலில் எதை வாங்குவது? காதுக்கு மெஷினா, பாட்டுக்குப் பெட்டியா? காது மெஷின் வாங்கினால் அதன்மேல் ஹெட்போன் மாட்ட முடியுமா? பாதிக் காதுக்கு முழுப் பாட்டு எதற்கு? புனிதன் சொன்னதே சரிதானோ என்றும் தோன்றியது. அவன் சொன்னது சரியாக இருந்துவிடக் கூடாதே என்ற பிடிவாதமும் கூடவே இருந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து அவள் தனியாகவே கோலா சிலாங்கூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். புனிதன் தூங்கிக்கொண்டிருந்தான், எழுப்பவில்லை.

திருச்செல்வம் அவளை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வாங்கக்கா," என்றவர் அவளது வலது பக்கமாக வந்து நின்றார். அதைக் கவனித்தாள். கோபமா நன்றியா என்று புரியாத ஏதோ ஒன்று வந்து போனது.

"தம்பி, ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒண்ணாக் கலந்து ஒரே காதுக்குக் குடுக்கிற பெட்டி எது?"

அவர் யோசித்தார். மூன்றாவது பெட்டியின் செயலியை ஃபோனில் திறந்து தேடினார், இல்லை. இரண்டாவதிலும் இல்லை. சோப்புப் பெட்டியைத் திறந்தார். அமைப்புகளுக்குள் நாலைந்து படி உள்ளே போனதும் 'மோனோ' என்று ஒரு வரி இருந்தது.

"இதுல இருக்குக்கா. ஆனா..." என்று இழுத்தார். "உள்ளதச் சொல்லிடுறேன். இத அமுக்கினா இடது வலதுன்னு ஒண்ணும் இருக்காது. எல்லாம் ஒரே எடத்துல குவிஞ்சிடும். பாட்டு ரசிக்கிறவங்க யாரும் இதப் போட மாட்டாங்க."

"நான் போடுறேன்."

"டேக்கும் இதுல சுமார்தான்."

"இருக்கட்டும் தம்பி."

வீட்டுக்கு வந்து பெட்டியை மாட்டுவதற்குள் மதியமாகிவிட்டது. வைஃபையில் சேர மறுத்தது. பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்தாள். டிஸ்கைச் செருகியதும் முந்நூற்று நாற்பது சிடியும் பட்டியலாக வரும் என்று பார்த்தால், வந்தது நூற்றுப் பன்னிரண்டு. மிச்சம் எங்கே என்று பதறிப்போய் திருச்செல்வத்துக்கு ஃபோன் போட்டாள். "இன்னும் படிச்சிக்கிட்டு இருக்குக்கா, விடுங்க," என்றார். அவர் சொன்னபடியே எண்ணிக்கை மெல்ல ஏறியது.

மோனோவை அமுக்கிவிட்டு, இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய ஓர் உள்ளூர் ஆல்பத்தை எடுத்தாள். அதில் நாலாவது பாட்டு அவளுக்கு வரி வரியாகப் பாடம். ஒரு ஆண் மட்டும் பாடும் பாட்டு. ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தாள். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணத்தில், அந்த ஆளின் குரலுக்குக் கீழே ஒரு பெண் பாடினாள்.

தனேஸ்வரி நிறுத்தினாள். வேறு பாட்டைத் தொட்டுவிட்டோமா என்று பெயரைப் பார்த்தாள். அதே பாட்டுதான். மோனோவை எடுத்துவிட்டுப் போட்டாள், பெண் இல்லை. மறுபடி மோனோ. பெண் இருந்தாள், கொஞ்சம் சுருதி விலகி, ஆனால் முழு மனசோடு பாடினாள்.

வாங்கிய புதிதில் இவள் குரலைக் கேட்டிருந்து பிறகு மறந்துபோனோமா? அல்லது அப்போதே காது போய்விட்டதா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் அந்தப் பக்கம் போகவில்லை. பாட்டும் முன்போல் இல்லை, நெரிசலாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த பாட்டு அந்த ஆள் தனியாகப் பாடியதுதான். இந்தப் பெண் வந்து சேர்ந்தது பிடிக்கிறதா இல்லையா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

புனிதன் எழுந்து அடுப்படியில் சாம்பாரைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தான். அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆல்பத்தின் சிடி உறையை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். முதல் தடவை கோலா சிலாங்கூர் போய் வந்த பிறகு இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவேயில்லை.

"என்னங்க, இதுல ஒரு பாட்டுல ஒரு பொம்பள பாடுறா."

"ஆமா. அந்த நாலாவது பாட்டுதான? எப்பவும் பாடுவாளே. எனக்கு அந்தக் குரல் அவ்வளவாப் பிடிக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புனிதன் கரண்டியோடு நின்றான். "நீ வேலைக்குப் போனப்புறம் தூக்கம் வரலன்னா நானும் எடுத்துப் போட்டுக் கேப்பேன்லா. எல்லா சிடியும் கேட்டிருக்கேன். நீ திட்டுவியோன்னு எடுத்த எடத்துலயே வச்சிடுவேன்."

தனேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்நூற்று நாற்பது சிடியின் இடது பக்கமும் இந்த மனுஷனிடம் இத்தனை காலமாக இருந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற எந்தப் பாட்டுல என்ன இருக்கு? எனக்குச் சொல்லுங்க," என்றாள்.

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.