தராசுக்காரர் வீட்டு வாசனை

தன் வீடு என்ன வாசனை அடிக்கிறது என்று ரத்தினவேலுக்குத் தெரியவில்லை.

மைசூர் தேவராஜ மொஹல்லாவில் தராசு பழுது பார்ப்பவர் அவர். மார்க்கெட்டில் எடைத் தகராறு வந்தால் இரண்டு தரப்பும் அவரிடம்தான் வரும். அவர் சொன்னால் முடிந்தது. அந்த நல்ல பெயரை வைத்துத்தான் அவர் சந்தனக்கட்டை கடத்தினார். காட்டில் திருட்டுத்தனமாக வெட்டிய கட்டைகள் அவர் சமையலறையில் தரைக்கல்லுக்கு அடியில் தங்கும். பிறகு தராசுப் பெட்டிகளுக்குள் படுத்து ஊர் தாண்டும். ரத்தினவேலின் பெட்டியை எந்தப் போலீஸ்காரரும் திறக்கச் சொன்னதில்லை. ரத்தினவேலும் யாரையும் வீட்டுக்குள் விட்டதில்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை.

இப்போது ஹனூரிலிருந்து தங்கை வடிவு போன் செய்தாள். மைசூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண் ஆபரேஷன்.

“ஏண்ணா, உனக்கு ஊடுன்னு ஒண்ணு இருக்குதா, இல்ல தராசுத் தட்டுலயே படுத்துக்கறயா? இந்த வாட்டி உன்ற ஊட்டுலதான் தங்குவேன். அவரும் லீவு போட்டுட்டு வாராரு.”

‘அவர்’ அவள் புருஷன் பழனிமுத்து. பாலாறு செக்போஸ்டில் வனத்துறை வாட்ச்சர். லாரியின் தார்ப்பாயைத் தூக்குவதற்கு முன்பே உள்ளே சந்தனம் இருக்கிறதா என்று மூக்காலேயே சொல்லிவிடும் மனிதர்.

“வாங்க” என்று சொல்லிவிட்டார் ரத்தினவேல். அந்த வீட்டில் இன்னொருவர் இருமும் சத்தத்தையாவது கேட்கலாமே என்று இருந்தது.

அன்றே கட்டைகளைக் கைமாற்றினார். தரையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். ஆனால் வாசனை போயிற்றா? புளி ஒட்டிய தராசுத் தட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கல்லைக் கட்டிச் சமன் செய்துவிட்டால், முள் நடுவிலேயே நிற்கும். புளி இருப்பதே தெரியாது. மூக்கும் அப்படித்தான். எப்போதும் இருக்கும் வாசனையைக் கணக்கில் சேர்த்துவிட்டு, புதிதாக வந்ததை மட்டுமே சொல்லும். யாரையாவது கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லவும் வழியில்லை.

கடைசியில் வெண்ணெய் நினைவுக்கு வந்தது. வெங்காயத்தோடு வைத்த வெண்ணெய் வெங்காயமாகவே மணக்கும். கொழுப்புக்குப் பக்கத்து வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. மார்க்கெட்டில் வெண்ணெய் விற்கும் கன்னடக்காரி லிங்கம்மாவிடம் கொஞ்சம் வாங்கி, சமையலறையில் மூடாமல் வைத்திருந்து, மறுநாள் அவளிடமே கொண்டுபோனார்.

“லிங்கம்மா, இது கெட்டுப்போச்சும்மா.”

அவள் மோந்து பார்த்துச் சிரித்தாள். “அய்யோ, கெட்டில்ல ஸ்வாமி! நல்ல கந்தத வாசனை. தேவர மனெல, பூஜை ரூம்ல இட்டிருந்தீங்களா? சந்தனம் அரைச்சுப் பூஜை பண்றவருக்கு வேற எப்படி இருக்கும்? உங்க வீடே கோயிலு. ஒரு நாள் வந்து பாக்கணும்.”

“வாங்க, வாங்க” என்றார், வேறு பக்கம் பார்த்தபடி.

சுண்ணாம்பு அடித்துவிட்டு மறுபடி வெண்ணெய் வைத்தார். மறுபடியும் கோயில் என்றாள். சந்தன எண்ணெய் மல்லிகை மணம் போலப் பறந்துவிடாது. கனமானது, நிதானமாகக் கிளம்பும், கல்லிலும் சுவரிலும் ஊறிக் கிடக்கும். அந்த வீட்டை இடித்தால்தான் போகும்.

வடிவு வந்த அன்று பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக லாட்ஜுக்குக் கூட்டிப்போனார். வீட்டில் ஓடு மாற்றுகிறார்கள் என்றார்.

“மச்சான், உங்க மேல புதுத்துணி வாசம் அடிக்குதுங்க. எங்களுக்காகவா எடுத்தீங்க?” என்று பழனிமுத்து சிரித்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது, கண்ணில் கட்டோடு வடிவு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். “கண்ணு நல்லாச்சுண்ணா. உன்ற ஊடுதான் பாக்கல.”

“ஓடு மாத்தி முடியட்டும்மா.”

வழி இதுதான்: ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் ஒரு ரூம், வீட்டுக்குள் போகாத புதுத்துணி, லாட்ஜிலேயே குளியல், வீட்டுக்குப் பூட்டு. பழனிமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த முறையும் இதே வழிதான்.