ஆட்டக்காரர் பட்டியலில் எஸ்ரா

அந்தப் புதன்கிழமை காலையில் உதயதாரகை கால்பந்துக் கழகத்தின் தகரக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். செயலாளர் பாண்டியராஜ், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை வைத்திருப்பவர். ராயகிரியிலிருந்து வந்திருந்த கல்வெட்டு வேலைக்காரர் பேச்சிராஜா. எழுபத்தெட்டு வயது சித்தீக், அந்தக் காலத்து ஃபுல்பேக். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானஒளிவு. அவரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிய மகள் எஸ்லின். மறுநாள் சங்கரன்கோவில் முழுக்க, தானும் அங்கே இருந்ததாகச் சொன்னவர்கள் ஐம்பது பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

ஞானஒளிவு உட்காரவில்லை. உட்காரச் சொல்லிக் காட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ காலுறையைக் காயப்போட்டிருந்தார்கள். பாண்டியராஜ் அதை எடுத்துவிட்டு நாற்காலியைத் துடைத்தார், துடைத்த துணி காலுறையைவிட மோசமாக இருந்தது. ஞானஒளிவு நின்றுகொண்டே கல்லில் பொறிக்கவேண்டிய வாசகத்தின் அச்சுப்படியை வாங்கிப் படித்தார்.

போரில் இறந்துபோன கழகத்தாருக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள் என்று ஆறு மாதமாகப் பேச்சு. மொத்தம் ஏழு பெயர். மேலே ‘ஆட்டக்காரர்கள்’ என்று போட்டு நாலு பேர். கீழே ‘ரசிகர்கள்’ என்று போட்டு மூன்று பேர். இலங்கைக்குப் போய்த் திரும்பாத கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர் அந்த மூவரில் முதலாவது, ஆட்டத்துக்கு ஆட்டம் தப்பு மேளம் அடித்தவர். அவருக்கு அடுத்து இருந்தது எஸ்ராவின் பெயர்.

எஸ்ரா ஞானஒளிவின் தம்பி. எழுபத்தொன்று டிசம்பரில் கிழக்கு எல்லையில் இறந்தான். தந்திதான் வந்தது, உடல் வரவில்லை. அந்தத் தந்தியை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் ஞானஒளிவு.

அவர் தாளை மேசைமேல் வைத்தார்.

“என் தம்பி ரசிகனா? அவன் என்ன, கட்-அவுட்டுக்குப் பால் ஊத்தினவனா?”

பாண்டியராஜ் கையைப் பிசைந்தார். சாருக்கு எப்படிச் சொல்லுவது என்று தெரியவில்லை, பொதுக்குழுவில் ஒரு விதி போட்டிருக்கிறது, ஸ்கோர் நோட்டில் பதினொரு பேரில் ஒருவராகப் பெயர் இருந்தால்தான் ஆட்டக்காரர், இல்லையென்றால் ஊரில் பாதிப் பேர் தங்கள் தாத்தாவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்றார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. எஸ்ரா என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

இருக்காது என்பது ஞானஒளிவுக்கும் ஒருமாதிரித் தெரிந்த விஷயம்தான். கழகத்தின் ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தறிக்காரர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. இவர்களுடைய அப்பாவோ சபையில் உபதேசியார். ஓய்வுநாளில் பந்தைத் தொடுவது அந்த வீட்டில் நினைத்துப் பார்க்கமுடியாத காரியம். மற்ற நாளில் பயிற்சிக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று உத்தரவு. எஸ்ரா அதற்குக் கட்டுப்பட்டான். ஞாயிறு மத்தியானம் அப்பாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்திவிட்டு இருட்டும் நேரத்தில் வருவான். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவருக்குப் பின்னால் ஞானஒளிவு, ஒவ்வொரு டிசம்பரிலும் நினைவு ஆராதனையில் எழுந்து நின்று, தம்பி கால்பந்து வீரன், ஆனாலும் ஒரு ஓய்வுநாளையும் மீறாதவன் என்று சொல்லிவந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சொல்லியிருக்கிறார். கிழமை நாளில் ஏதாவது ஒரு ஆட்டம் நடந்திருக்கும், அதில் எஸ்ரா ஆடியிருப்பான் என்பது அவர் கணக்கு. அந்த ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடிக்க இவர்களுக்குத் துப்பில்லை.

“நோட்டைச் சரியாப் பாத்தீங்களா? கரையான் அரிச்ச பக்கம் ஏதாச்சும்?”

அரிக்கவில்லை என்றார் பாண்டியராஜ். இதற்கிடையில் பேச்சிராஜா, கல்லில் ஒட்டி எழுத்துப் பொறிக்கிற ஸ்டிக்கரை இன்றைக்கு வெட்டினால்தான் அடுத்த வாரத் திறப்புக்குக் கல் வரும், தலைப்பை வேண்டுமானால் எடுத்துவிடலாமா, பூப்போட்ட பார்டர் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று யோசனை சொன்னார். மேலே ஒரு பந்து, பக்கத்தில் இரண்டு புறா. புறா இலவசம். ஞானஒளிவு அவரைப் பார்த்த பார்வையில் புறா பறந்துவிட்டது.

அதுவரை சித்தீக் மூலையில் உட்கார்ந்து, கம்பை இரண்டு காலுக்கும் நடுவில் ஊன்றி, அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பாண்டியராஜிடம் அந்த நோட்டை இங்கன கொண்டா என்று கேட்டார். அறுபத்தெட்டாம் வருஷப் பக்கத்தை எடுத்து, முதல் பெயரின்மேல் விரலை வைத்தார். கோல்கீப்பர் மாரிராஜ்.

“வாத்தியாரே, கோவப்படாதீரும். இது ஒம்ம தம்பிதான்.”

மாரிராஜ் என்று ஒருவர் நிஜமாகவே இருந்தார், தறிக்காரர். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவர். பெயர் சும்மாத்தானே கிடக்கிறது, வைத்துக்கொள் என்று எஸ்ராவுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் கழகத்தில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. ஆட்டம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் கடைப் பலகையில் முடிவையும் பதினொரு பேரின் பெயரையும் சாக்பீஸால் எழுதிவைப்பார்கள். உபதேசியார் தினமும் அந்த வழியாகத்தான் போவார். அதனால் அவர் சபையைச் சேர்ந்த வேதக்கார வீட்டுப் பையன்களுக்கெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பெயர் உண்டு. ஆள் அவன், பெயர் வேறொருவனுடையது. யாரிடமும் சொல்லுவதில்லை என்று சத்தியம்.

ஞானஒளிவின் குரல் உயரவில்லை, வகுப்பில் பிரம்பை எடுப்பதற்கு முன்னால் பேசுகிற குரல்.

“அப்ப பனவடலிசத்திரம்?”

“ஒரு ஞாயித்துக்கெழமகூடப் போனதில்ல வே.”

பிறகு சித்தீக் மற்றதையும் சொன்னார். ஆட்டம் முடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டில் எஸ்ரா முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான். வெள்ளைச் சட்டையை மாட்டுவான். அந்த வாரத்துப் பாடத்தின் மனப்பாட வசனத்தை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்திருப்பான். அதைச் சித்தீக் கையில் வைத்துக்கொள்ள, அவன் தப்பில்லாமல் ஒப்பிக்கவேண்டும். வீட்டில் அப்பா கேட்பாராம், பிள்ளைகளுக்கு இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாய் என்று. அவன் தடுமாறினால் சித்தீக் எடுத்துக்கொடுப்பார். அந்த வசனங்களில் பாதி தனக்கு இன்னும் நினைவிருக்கிறது, பள்ளிவாசலில் வெளியே சொல்லமுடியாது என்றார் சித்தீக். எஸ்லின் சிரித்துவிட்டாள். அப்பா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

பாண்டியராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. விதியையும் மீறாமல் சாருக்கும் மரியாதை குறையாமல் ஒரு வழி இருக்கிறதாம். நோட்டில் இருக்கிறபடி மாரிராஜை ஆட்டக்காரர்களில் சேர்த்துவிடலாம், எஸ்ரா ரசிகர்களில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம்.

“ஒரே ஆள ரெண்டு தடவ சாகடிக்கச் சொல்லுதியா? அந்த மாரிராஜ் எந்தச் சண்டையில செத்தான்?”

திருப்பூரில் சர்க்கரை வியாதியில் இறந்தார் என்றார் சித்தீக்.

எஸ்லின் அப்பாவைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப்போனாள். ரசிகர் என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆட்டக்காரர் என்று போட்டால் எப்படி, எந்தக் கிழமை என்று சபையில் கேட்பார்கள். ஐம்பது வருஷம் அப்பா எழுந்து நின்று சொன்னதையெல்லாம் அப்புறம் என்ன செய்வது. தாத்தாவை உபதேசியார் என்று இன்னும் பெயர் சொல்லுகிற சபை அது.

அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அவருக்கு எரிச்சல். தம்பியின்மேல் எரிச்சல், அவனைச் சாக்பீஸ் பலகைக்குப் பயப்பட வைத்த அப்பாவின்மேல் எரிச்சல், ஐம்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்து ஸ்டிக்கர் வெட்டுகிற அன்றைக்குத் திறந்த சித்தீக்கின்மேல் எல்லாவற்றையும்விட எரிச்சல். மைதானத்தில் யாரோ பைக் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்தில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். நினைவுக்கல் வைக்கப்போகிற லட்சணம் என்று அவர் முனகினார்.

உள்ளே வந்து சித்தீக்கின் முன்னால் நின்றார்.

“எத்தன ஆட்டம்?”

“இருவத்திமூணு. நோட்டுலயே இருக்கு.”

“எத்தன கோல் விட்டான்?”

“பதினாலு. அதுல நாலு என் தப்பு.”

“நாலுதானா?”

“சரி வே, ஆறு.”

ஞானஒளிவு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பாண்டியராஜின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அச்சுப்படியில் ரசிகர்களின் கீழிருந்த தம்பியின் பெயரை ஒரு கோட்டால் அடித்தார். அதைத் திருப்பி, பின்பக்கத்தில், மார்க் பட்டியல் எழுதுகிற கையெழுத்தில் நாலு வரி எழுதினார். சித்தீக்கிடம் நீட்டினார். சித்தீக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், படித்துவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஸ்லின் எட்டிப் பார்த்து, அப்பா, யோசிச்சுத்தான் எழுதியிருக்கீங்களா என்று கேட்டாள். அவர் தாளைப் பேச்சிராஜாவிடம் கொடுத்து, இதில் ஒரு எழுத்து கூடக்கூடாது, ஒரு எழுத்து குறையக்கூடாது, புறா வரக்கூடாது என்றார்.

கல் அடுத்த வாரம் திறந்தாயிற்று. ஆட்டக்காரர்களில் ஐந்தாவது பெயர் இப்படி இருக்கிறது:

எஸ்ரா, உபதேசியார் மகன்.
கோல்கீப்பர். இருபத்துமூன்று ஆட்டங்கள்.
மாரிராஜ் என்ற பெயரில் ஆடினார்.
எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

அந்தக் கடைசி வரியைக் கழகத்துக்காரர்கள் உபதேசியார் குடும்பத்தைக் கேலிசெய்யத் தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள், கிழவர் திறப்பன்றுதான் அதைப் பார்த்தார், பார்த்து வாயடைத்து நின்றார் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்த வரியை எழுதியவர் ஞானஒளிவு. அவர் கையால் எழுதிய தாள் ராயகிரியில் பேச்சிராஜாவிடம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.