தாடையில் வந்த மாரடைப்பு

சாப்பிட்டு எழுந்த வங்கி மேலாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். பதறியடித்து அவரைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். காலையிலிருந்தே அவளுக்குத் தாடையும் முதுகும் வலித்துக்கொண்டிருந்தன. அதைச் சொல்ல இதுவா நேரம் என்று பேசாமல் இருந்தாள்.

அவசரப் பிரிவில் அவருக்கு ராஜ மரியாதை நடந்தது. ஸ்ட்ரெச்சர், ஈசிஜி, தலைமாட்டில் இரண்டு டாக்டர்கள். ரத்தம்வரை சோதித்துவிட்டு, வெறும் வாயுத் தொல்லை என்றார்கள்.

"டாக்டர், என்னையும் கொஞ்சம் பாருங்களேன். தாடை வலிக்குது, குமட்டுது, மூச்சு வாங்குது" என்றாள் டீச்சர்.

இளம் டாக்டர் சிரித்தார். "வீட்டுக்காரரை இப்படிப் பாத்தா பதட்டம் வரத்தாம்மா செய்யும். தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க."

நாற்காலிக்குப் போகும் வழியிலேயே அவள் சரிந்தாள். ஓடிவந்த நர்ஸ் யாரையும் கேட்காமல் ஈசிஜி எடுத்தாள். மாரடைப்பு.

அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு அதே டாக்டர் வந்து குறைபட்டுக்கொண்டார். "நெஞ்சு வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"வலிச்ச இடத்தைத்தானே சொன்னேன்? அடுத்த தடவை உங்களைக் கேட்டுட்டு வலிக்கச் சொல்றேன்."

மாலையில் நாத்தனார் வந்தாள். டீச்சர் படுத்திருந்த கட்டிலைத் தாண்டிப் போய், நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பியின் கையைப் பிடித்தாள். "எப்படிடா இளைச்சுப் போயிட்டே!"

அவரும் தன் நெஞ்சுவலிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். டீச்சர் மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டாள்.

"இவங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க. நான் தூங்கணும்."