திருவனந்தபுரத்தில் விழுந்த ஒரே கோல்

எங்கள் கொட்டாரம் கிளப் எப்போதும்போலத் திருவனந்தபுரத்துப் பந்தயத்தில்தான் ஆட வேண்டும், நாஞ்சில் நாட்டுக்குள் தனியாக ஒரு பந்தயம் நடத்துவது வேண்டாத வேலை என்று, 1928 மாசி மாதம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கூடிய கூட்டத்தில் நான் முக்கால் மணி நேரம் பேசினேன். என் பெயர் ரசலையன். அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கிளப்புக்குச் செயலாளர், ஆட்டத்தில் பேக். பேக் என்றால் கோல்கீப்பருக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் அடித்து விலக்குகிற ஆள். அன்றைக்கு நான் சொன்ன காரணங்கள் எல்லாமே நல்ல காரணங்கள். பெரிய ஊர்க்காரர்களோடு மோதினால்தான் ஆட்டம் தேறும். தலைநகரத்தில் ஜெயித்தால் பேப்பரில் பேர் வரும். புதுக்கடை ஊர்க்காரனை வருஷம் தவறாமல் தோற்கடித்து என்னத்தைக் காணப் போகிறோம்?

இவற்றில் ஒன்றுகூட என் காரணம் இல்லை. என் காரணம் ராகேல்.

ராகேல் என் மனைவி. முந்தின கார்த்திகையில் நாங்கள் திருவனந்தபுரத்தில் கடைசி ஆட்டத்தை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துக் கோப்பையோடு ஊர் வந்தோம். அந்த ஒரு கோலை எங்களில் யாரும் போடவில்லை. எதிர்க்கட்சி பேக் ஒருவன், பாவம், பந்தைத் தலையால் முட்டி விலக்கப் போய்த் தன் கோலுக்குள்ளேயே தள்ளிவிட்டான். சேம்சைடு கோல். பஸ்ஸில் திரும்பும்போது தக்கலை வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். தக்கலைக்குப் பிறகு ஒவ்வொருவராக யோசனையில் ஆழ்ந்துவிட்டார்கள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ராகேல் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். என் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, கோல் போட்டது யார் என்று கேட்டாள். தேய்க்கிற கையும் அந்தக் கேள்வியும் ஒன்றாக வரும்போது, எங்கள் ஆட்கள் யாருமில்லை என்று சொல்ல எந்த மனுஷனுக்கு வாய் வரும்? நான்தான் என்றேன். இடது காலால் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவள் கை நின்றது. ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை அப்படி நிமிர்ந்து பார்த்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அதை இழக்க எனக்கு மனசில்லை. பெண்கள் பஸ் ஏறி அவ்வளவு தூரம் பந்தாட்டம் பார்க்கப் போகிற வழக்கம் அப்போது கிடையாது. ஆகவே கிளப் திருவனந்தபுரத்தில் ஆடுகிற வரைக்கும் என் கோலுக்கு ஆபத்து இல்லை.

ஆபத்து மீன் கடவத்தில் வந்தது. எங்கள் கோல்கீப்பர் கபிரியேல் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். அவன் பெண்சாதி செசிலி பனையோலைக் கடவத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு கொட்டாரம் முழுக்க வீடு வீடாக மீன் விற்கிறவள். எங்கள் வாசலில் அயலைக்கு விலை பேசும்போது ராகேல் பேச்சோடு பேச்சாக என் கோலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். செசிலி கையில் எடுத்த மீனைத் திரும்பக் கடவத்தில் வைத்துவிட்டாள்.

“அது எனக்க மாப்பிள போட்ட கோல்லா, வாத்தியாரம்மா” என்றாளாம்.

கோல்கீப்பர் எங்காவது கோல் போடுவானா என்று கேட்காதீர்கள். கோலில் நிற்கிறவனைத் தவிர வேறு யார் கோல் போடுவான் என்பது செசிலியின் எண்ணம். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு நல்லதாகப் போயிருக்கும். சண்டை போடவில்லை. செசிலி அன்றே மற்ற வீடுகளிலும் மீனோடு சேர்த்து விசாரணையை இறக்கினாள். இரண்டு நாளில் ஏழு வீடு, ஏழு புருஷன், ஏழு கோல். ஒருவன் தலையால் போட்டிருந்தான். ஒருவன் கீழே விழுந்து கிடந்தபடியே போட்டிருந்தான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்த ஆட்டத்தில் இத்தனை கோல் விழுந்தது உலகத்திலேயே முதல் தடவையாக இருக்கும். கபிரியேல் பள்ளிக்கூடத்துக்கே ஓடிவந்து, வகுப்பு நடக்கும்போது ஜன்னல் வழியாக இதை எனக்குச் சொன்னான்.

ராகேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போடும்போது மட்டும், ஒரு தடவையாவது உங்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அந்த வாரமே ஏழு வீட்டிலும் அதே பேச்சு. எங்கள் கிளப் தலைவர், தலைமையாசிரியர் இஸ்ரவேல், நல்ல மனுஷர், உள்ளூர்ப் பந்தயம் என்ற யோசனையோடு கூட்டம் கூட்டினார். அது அவராகவே யோசித்தது என்று கடைசிவரை நம்பினார். அவர் சம்சாரமும் செசிலியிடம்தான் மீன் வாங்குகிறாள்.

கூட்டத்தில் நான் பேசி உட்கார்ந்ததும் ஒவ்வொருவனாக எழுந்து திருவனந்தபுரத்துக்காக வாதாடினான். ஆட்டத்தின் தரம் என்றான் ஒருவன். ராஜ்யத்தின் ஒற்றுமை என்றான் இன்னொருவன். உள்ளூரில் ஆட வேண்டும் என்றவன் சென்டர் ஃபார்வர்டு தாணுமாலயன் மட்டும்தான். அவனுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல வீட்டில் மனைவி இல்லாதவன் எதற்கு அஞ்ச வேண்டும்?

என் கட்சிக்குப் பலமாக நான் ப்ரோசர் துரையை அழைத்து வந்திருந்தேன். அவர் மிஷனரி, வேல்ஸ் தேசத்துக்காரர். அவரை இங்கிலீஷ்காரர் என்று யாராவது சொன்னால் முகம் சிவந்துவிடும். வேல்ஸில் கார்டிஃப் என்று ஒரு கிளப். அது இங்கிலாந்துக்காரர்களின் லீகில்தான் ஆடுகிறது. முந்தின வருஷம் இங்கிலாந்துக் கோப்பையையே லண்டனில் ஜெயித்து வேல்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போனது. இதைத் துரை வேதபாட வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறார். பக்கத்துப் பெரிய வீட்டில் போய் ஆடி ஜெயிப்பதன் பெருமையை நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவரும் எழுந்து, கோப்பை ரயிலில் வந்து இறங்கிய நாளை அப்படியே நேரில் கண்டதுபோல வர்ணித்தார். அவர் அப்போது நாகர்கோவிலில் இருந்தார் என்பது வேறு விஷயம். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

இஸ்ரவேல் மெதுவாக ஒரு சந்தேகம் கேட்டார். அப்படியானால் கார்டிஃப்காரர்கள் தங்கள் ஊரில் ஆடுவதே இல்லையா?

துரை ஆச்சரியப்பட்டுப் போனார். பாதி ஆட்டம் சொந்த ஊரில்தான் என்றார். ஒரு தடவை இவர்கள் இங்கிலாந்துக்குப் போனால், மறு தடவை அவர்கள் கார்டிஃபுக்கு வர வேண்டும். ஊரே திரண்டு பார்க்கும். அது போக வேல்ஸுக்கென்று தனிக் கோப்பை ஒன்று உண்டு, அதே வருஷம் அதையும் கார்டிஃப்தான் ஜெயித்தது. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, வேதபுத்தகத் தமிழில் கேட்டார்.

“சொந்த ஜனங்கள் ஒருபோதும் காணாத ஜெயத்தினாலே உங்களுக்குப் பிரயோஜனம் என்ன?”

பிரயோஜனம் என்னவென்று எங்களுக்குத் தெரியும், துரையிடம் சொல்ல முடியாது.

என் கையில் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. நாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், எங்கள் சபையில் ஒருவன் பந்தைத் தொட மாட்டான் என்றேன். கபிரியேல் உடனே புரிந்துகொண்டு, தவக்காலம் தொடங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை கடற்கரையிலிருந்து ஒருவனும் வர மாட்டான் என்றான். செவ்வாய்க்கிழமைகளில் மண்டைக்காட்டம்மன் கொடைத் திருவிழாவுக்குப் பாதி ஊர் போய்விடும். சனிக்கிழமை புதுக்கடைக்காரர்களுக்குக் கடையில் ஒழியாத வியாபாரம். மற்ற நாளெல்லாம் கட்டுமரம் கடலில், வாத்தியார் பள்ளிக்கூடத்தில். அது போக, கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்து வயல் காயாமல் ஆட இடம் ஏது? இஸ்ரவேல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒத்திவைக்கப்பட்டது என்று கூட்டப் புத்தகத்தில் நானே அழகான கையெழுத்தில் எழுதினேன்.

வீட்டில் ராகேலிடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“ஈஸ்டருக்கு மறுநாளு?”

நான் யோசித்துப் பார்த்தேன். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஓய்வுநாள் இல்லை, தவக்காலம் முடிந்திருக்கும், கொடை முடிந்திருக்கும், அறுப்பும் முடிந்திருக்கும். பண்டிகை என்று கட்டுமரமும் போகாது, பள்ளிக்கூடமும் கிடையாது. அன்று கடை திறக்கிற கிறிஸ்தவன் புதுக்கடையில் ஒருவன்கூட இல்லை. கணக்கு வாத்தியார் நான், எனக்கு வராத விடை அவளுக்குக் காய் நறுக்குகிற நேரத்தில் வந்துவிட்டது. மறுநாள் காலையில் செசிலி அந்தத் தேதியை மீனோடு எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சாயங்காலம் இஸ்ரவேல் புதுக்கடைக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் நான் தாணுமாலயனைத் தனியாகப் பிடித்தேன். நாளைக்கு நான் கொஞ்சம் முன்னால் வந்து ஆடுகிறேன், ஒரே ஒரு பந்தை என் காலுக்குத் தள்ளிவிடு என்று கெஞ்சினேன். அவன் சிரித்தான்.

“இத கேக்கியதில நீரு ஆறாமத்த ஆளுவே. எல்லாரும் முன்ன போனா பின்ன நிக்கியது ஆரு?”

அவன் கேட்டது ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிஷமே எல்லாருக்கும் விளங்கியது. அறுத்த வயலில் வெறுங்காலோடு கொட்டாரம் ஆட்கள் அத்தனை பேரும் புதுக்கடையின் கோலை நோக்கி ஓடினோம். ஒருவன் காலில் கிடந்த பந்தை எங்களில் இன்னொருவனே பிடுங்கினான். வரப்பில் குடைபிடித்து உட்கார்ந்திருந்த பெண்களில் ராகேலின் குடையை நான் ஓடும்போதே தேடினேன். கொஞ்ச நேரத்தில் எனக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பார்த்தால் கபிரியேல். கோல்கீப்பர்.

புதுக்கடைக்காரன் ஒருவன் நடு வயலில் நின்று நிதானமாக ஒரு தட்டு தட்டினான். பந்து தாளடியில் துள்ளித் துள்ளி, ஆளில்லாத எங்கள் கோலை நோக்கி உருண்டது. ஓடிப் பிடிக்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. அது உள்ளே போய்ச் சேர்கிற வரைக்கும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் இஸ்ரவேல் எங்களைத் திட்டிய திட்டு அவர் சபையில் மூப்பர் என்பதற்குப் பொருந்தாது. அதற்குப் பிறகு நான் பின்னால் என் இடத்திலேயே நின்றேன். புத்தி வந்து நின்றேன் என்று சொல்ல ஆசைதான். மூச்சு வாங்கியது, அதனால் நின்றேன். கபிரியேல் மறுபடியும் பந்தோடு முன்னால் போய்விட்டான். புதுக்கடை ஆட்கள் அதைப் பறித்துக்கொண்டு மூன்று பேராக வந்தார்கள். எனக்குப் பின்னால் இரண்டு மூங்கில், நடுவில் வெட்டவெளி. முதல் அடியைக் காலால் மறித்தேன். திரும்பி வந்ததை நெஞ்சில் வாங்கினேன். மூன்றாவது என் முகத்தில் அறைந்து வரப்பைத் தாண்டி வாய்க்காலில் விழுந்தது. நானும் விழுந்தேன். மூக்கில் ரத்தம் வந்தது.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது தாணுமாலயன் ஒரு கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. செசிலி வரப்பில் எழுந்து நின்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“இது ஒண்ணு. ஆருக்க கோலுன்னு எல்லாரும் பாத்தாச்சு.”

வீட்டுக்குப் போகும் வழியில் ராகேல் குடையோடு முன்னால் நடந்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனசில் வரிசைப்படுத்திக்கொண்டு நான் பின்னால் போனேன். அவள் வெந்நீர் போட்டாள். ஈரத் துணியால் மூக்கைத் துடைத்தாள். அந்தத் திருவனந்தபுரத்துக் கோல் என்று நான் ஆரம்பித்தேன்.

“அது கெடக்கட்டும்” என்றாள். “மூணு பந்த மறிச்சியளே, அத ஏன் இத்தன வருஷமா எனக்கிட்ட சொல்லல்ல?”

மறிக்கிறதெல்லாம் ஒரு சங்கதியா என்றேன்.

“எல்லாரும் அங்க ஓடுனப்போ நீங்க ஒத்தைக்கு நின்னியள்லா. அது சங்கதி இல்லியா?”

அவள் கை நின்றிருந்தது. கார்த்திகையில் பார்த்த அதே பார்வை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூச்சு வாங்கியதால் நின்றேன் என்ற உண்மையை மட்டும் சொல்லவில்லை.

அதன் பிறகு எங்கள் கிளப் கார்டிஃப் வழியில் இரண்டிலும் ஆடியது. ஈஸ்டருக்கு மறுநாள் கொட்டாரத்து வயலில், கார்த்திகையில் திருவனந்தபுரத்தில். அந்தக் கார்த்திகையில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றுத் திரும்பினோம். ராகேல் வெந்நீர் போட்டுவிட்டு, எத்தனை பந்தை மறித்தீர்கள் என்று கேட்டாள். நாலு என்றேன். உண்மையில் ஏழு. அவள் நம்ப வேண்டுமே என்று மூன்றைக் குறைத்துக்கொண்டேன்.