கராமாவுக்கு வந்த பதினோராம் படையணி

ஜெனரல் மீர் ஆகா 2005-ஆம் ஆண்டு துபாய் கராமாவில் குடியேறியபோது, ஆப்கானிஸ்தானில் கலைக்கப்பட்ட பதினோராம் படையணி முழுவதும் அவரோடு வந்து இறங்கியது. வீரர்களில் ஒருவர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் விமான நிலையத்தில் யாரும் தடுக்கவில்லை. ஜெனரலுக்கு மட்டும் விசா இருந்தது. தேய்ராவில் கம்பளக் கடை வைத்திருந்த அவருடைய மருமகன் எடுத்துக் கொடுத்தது. மூன்று மாடிப் பழைய கட்டிடம் ஒன்றின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்திலிருந்த சிறிய அறையையும் அவனே பிடித்துத் தந்தான். படையணி வெட்டவெளியில், டிஷ் ஆன்டெனாக்களுக்கும் துணிக்கொடிகளுக்கும் நடுவே தங்கிக்கொண்டது. அந்த வாரத்திலிருந்து கட்டிடத்தில் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துபோனது. கொடியில் காயப்போட்ட லுங்கிகளை மாலையில் எடுக்கப் போனால் ராணுவ ஒழுங்கில் மடித்து அடுக்கப்பட்டிருந்தன. இதில் கீழே அறைகளில் தங்கியிருந்த பேச்சிலர்களுக்குப் புகார் எதுவும் இல்லை. கட்டிடத்து முதலாளிதான், அறைக்கு நாலு பேர் என்று சொல்லிவிட்டு எட்டுப் பேரைப் படுக்க வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, காவலாளி நெய்னா முகம்மதுவைப் பிடித்து உலுக்கினார். கீழக்கரைக்காரரான நெய்னா கையை விரித்துவிட்டார். “கண்ணுக்குத் தெரியாதவனுக்கெல்லாம் நான் எங்கிட்டுப் போயி விசாக் காப்பி கேக்குறது?” என்று அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் ஜெனரல் தன் பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு, துபாய்ப் புழுக்கத்தில் அது எவ்வளவு பெரிய தண்டனையாக இருந்தாலும் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, மாடியின் நடுவில் நின்று பெயர் கூப்பிடுவார். இன்னார், இன்னாரின் மகன், இன்ன ஊர். ஒவ்வொரு பெயருக்கும் வெற்று வெளியிலிருந்து ஒரு குரல், “ஹாஸிர்” என்று பதில் கொடுக்கும். நம் ஆஜர்தான் அது. கிழக் குரல், இளங் குரல், தொண்டை கட்டிய குரல் என்று எல்லாம் வரும். பெயர்கள் அவருக்கு மனப்பாடம். ஒரு காலையில் முடிகிற தொகையல்ல என்பதால் விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடர்வார். கீழே இருந்தவர்கள் முதல் மாதம் திட்டினார்கள், அடுத்த மாதத்திலிருந்து செல்போனில் அலாரம் வைப்பதை நிறுத்திவிட்டார்கள். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், அதிலும் பேச்சிலர் அறைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஜெனரலுக்கு முதன்முதலில் தேநீர் கொண்டுபோனவர் முதல் மாடியில் இருந்த ஆனந்தராசா. கிளிநொச்சிக்காரர், கார்கோ கம்பெனியில் கிளார்க், மகன் சாருஜன் நாலரை வயதுப் பிள்ளையாக இருந்தபோது வளைகுடாவுக்கு வந்தவர். கண்ணுக்குத் தெரியாத பூட்ஸ் சத்தம் அவருக்குப் புதிதல்ல. ஊரில் இரு தரப்புப் பூட்ஸ்களையும் இருட்டில் கேட்டே வளர்ந்தவர். பெஷாவர் அகதி முகாமில் ஜெனரல் கற்ற உருதுவும், வந்த புதிதில் கட்டுமான சைட்டில் ஆனந்தராசா கற்ற இந்தியும் ஒன்றோடொன்று எப்படியோ ஒத்துப்போயின. பதினோராம் படையணியின் வரலாறு இந்தக் கட்டிடத்தில் தெரிந்தது என்றால் அது அந்தத் தேநீரால்தான்.

மன்னர் காலத்தில் முதல் தளபதி பயிற்சி மைதானத்தைச் சுற்றி முசுக்கொட்டை மரங்கள் நட்டார், வேறொன்றும் செய்யவில்லை. ஆகவே அவரையே மிகச் சிறந்த தளபதி என்று ஜெனரல் மதித்தார். இரண்டாமவரை ஆட்சி கவிழ்ந்த காலையில் அவருடைய மெய்க்காப்பாளனே சுட்டுவிட்டு, பிறகு அழுதான். மூன்றாமவர் மாஸ்கோவில் படித்தவர். அவர் காலத்தில் கோதுமை அறுவடைக்குச் சொல்லாமல் ஓடிய சிப்பாய்கள் ஏராளம். ஓடியவர்களைப் பற்றித் தலைநகருக்கு எழுதினால் தன்னையே உள்ளே தள்ளுவார்கள் என்று பயந்து, வராதவன் பெயருக்குப் பக்கத்தில் நிற்பவன் ஆஜர் கொடுக்க வேண்டும் என்று அவர் வாய்மொழியாக உத்தரவிட்டார். இப்படியாகத் தொடங்கிய வழக்கம் அது. ஓடியவனுக்குக் கொடுத்த ஆஜரைச் செத்தவனுக்கும் கொடுத்தார்கள், ஏனென்றால் பெயர் இருந்தால்தான் அவன் மனைவிக்கு மாவும் எண்ணெயும் போகும். நாலாம் தளபதி ஒரு லாரியில் வந்து கோட்டையைப் பிடித்த முஜாஹித். முந்தியவர்களின் படங்களை எல்லாம் எரித்தவர், பெயர்களை மட்டும் தொடவில்லை. ஐந்தாமவர் பாட்டைத் தடை செய்தார், காற்றாடியைத் தடை செய்தார், பெயர்களை அவரும் விட்டுவைத்தார். இந்த எல்லோருக்கும் கீழே வேலை பார்த்துப் பிழைத்துக் கிடந்த ஒரே அதிகாரி மீர் ஆகா. அதனால் மிஞ்சியவர் என்ற ஒரே தகுதியில் ஆறாவது தளபதியானார்.

பிறகு வெளிநாட்டு அதிகாரிகள் வந்து, பழைய படைகளைக் கலைத்துப் புதிய படை கட்டப்போவதாகவும், இருப்பவர்கள் மைதானத்தில் வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வந்து நின்றவர்கள் சில கிழவர்களும், இரவல் வாங்கிய ஆட்டிடையர்களும்தான். ஆனால் பெயர் கூப்பிடத் தொடங்கியதும் மைதானம் முழுக்க ஆஜர் எழுந்தது. பொறுப்பாக வந்த இளம் அதிகாரி ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, படையணி கலைக்கப்பட்டது என்று அறிவித்துக் கிளம்பிப் போனான். விதவைகளுக்கு மாவு நின்றது. பெயர்களுக்குப் போக்கிடம் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. ஜெனரல் விமானம் ஏறியபோது பின்னால் வந்துவிட்டன. “ஆளைப் போகச் சொல்லலாம், பாய். பெயரை என்ன சொல்லி அனுப்புவது?” என்று அவர் ஆனந்தராசாவிடம் கேட்டார்.

அதற்குள் ஆனந்தராசாவின் ஊரிலும் காரியங்கள் கெட்டுக்கொண்டிருந்தன. 2005-இல் லீவில் போனபோது சாருஜனுக்குப் பதிமூன்று வயது. வாசலில் நின்று கீச்சுக் குரலில் “அப்பா, அடுத்தமுறை வாறபோது சைக்கிள்” என்றான். அடுத்த முறை என்பது வரவேயில்லை. மறு வருடம் ஊருக்குப் போகும் பாதையை அடைத்தார்கள். போன் எடுத்தால் மனைவி சுகந்தா நாலு வார்த்தை பேசுவதற்குள் அறுந்துபோகும், பையன் கைக்குப் போய்ச் சேராது. 2009 தொடக்கத்தில் இயக்கம் சாருஜனைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போனது. மே மாதத்தில் எல்லாம் முடிந்தபோது சுகந்தா மட்டும் கடல்நீரேரியைக் கடந்து வந்தாள். சரணடைந்தவர்களோடு அவன் பஸ்ஸில் ஏற்றப்பட்டதைக் கண்டதாக ஒருவர் சொன்னார், அதற்கு முதல் நாளே விழுந்துவிட்டான் என்று இன்னொருவர் சொன்னார். எந்த முகாமிலும் அந்தப் பெயர் இல்லை. முகாமிலிருந்து விட்ட பிறகு வவுனியாவில் தங்கை வீட்டுக்கு வந்த சுகந்தா, கேட்கக்கூடிய எல்லா வாசலிலும் கேட்டுவிட்டாள். ஆனந்தராசா துபாயில் கார்கோப் பெட்டிகளில் அடுத்தவன் பிள்ளைகளுக்குப் போகும் பால்மாவையும் சைக்கிளையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதங்களில் அவர் பட்ட வேதனையை எழுதித் தீராது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மாடிக்குப் போய்த் தன் மகனைப் படையணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். உயிரோடு இருக்கிறானா என்றுகூட அவர் கேட்கவில்லை. ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறானா, அது தெரிந்தால் போதும் என்றார். ஜெனரல் வெகுநேரம் தாடியைத் தடவினார். தன் படையைப் பற்றி அவருக்குப் பெருமை உண்டு, ஆனால் பொய் சொல்ல மாட்டார். பெயருக்குரியவன் வந்தால் அவனே ஆஜர் கொடுப்பான், வராவிட்டாலும் ஆஜர் வரும், இந்தப் படையில் எந்தப் பெயரும் பதிலில்லாமல் கீழே விழுந்ததில்லை என்று எச்சரித்தார். குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்கிறேன் என்றார் ஆனந்தராசா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. குரல் உடைந்த பிறகு மகன் பேசி அவர் கேட்டதே இல்லை, கேட்டவள் சுகந்தா மட்டும்தான்.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் அவர் வவுனியாவுக்குப் போன் போட்டுக்கொண்டு மாடியேறினார். ஸ்பீக்கரை அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். “இஞ்சருங்கோ, உண்மையாத்தான் சொல்லுறியளோ?” என்று சுகந்தாவின் குரல் கேட்டது. “ஓம். கதைக்காமக் கேளும்” என்றார். ஜெனரல் அன்று வேறு பெயர் எதையும் கூப்பிடவில்லை. கோட்டின் பொத்தான்களைச் சரிபார்த்துவிட்டு, “சாருஜன், ஆனந்தராசாவின் மகன், கிளிநொச்சி” என்றார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, அப்போதுதான் மீசை முளைத்திருக்கக்கூடிய ஒரு பையனின் குரல் சொன்னது: “ஹாஸிர்.”

அந்தக் குரல் சாருஜனுடையதாக இருக்கலாம். உலகத்தில் பதினேழு வயதுள்ள எந்தப் பிள்ளையுடையதாகவும் இருக்கலாம். ஆனந்தராசாவுக்குத் தெரியவில்லை. தகப்பனாக இருந்தும் தெரியவில்லை என்பதை அந்த இடத்தில் நின்றுகொண்டே தாங்க வேண்டியிருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

“இன்னொருக்காக் கூப்பிடச் சொல்லுங்கோ” என்றாள் சுகந்தா. ஜெனரல் கூப்பிட்டார். அதே குரல், அதே சொல்.

“அது எங்கட பிள்ளை இல்லை” என்றாள்.

“நல்லாக் கேட்டனீரோ?”

“பெத்த எனக்குத் தெரியாதே? அவன் இல்லை.” அவள் அழவில்லை. மூச்சு வாங்குவது மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. ஆனந்தராசா கையைத் தாழ்த்தப் போனபோது அவள் மறுபடியும் பேசினாள். “ஆரின்ர பிள்ளையோ தெரியாது. பாவம், எங்கட பிள்ளைக்காக நிண்டு பதில் சொல்லுது. சாப்பிட்டவனோ எண்டு கேளுங்கோ.”

ஆனந்தராசா அதை இந்தியில் சொன்னார், ஜெனரல் அதைத் தன் மொழியில் வெற்று வெளியைப் பார்த்துக் கேட்டார். அந்தப் படையணியின் வரலாற்றில் யாரும் யாரிடமும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. பிறகு அந்தக் குரல் தணிந்து ஏதோ சொன்னது. நீளமாகவே சொன்னது. ஜெனரல் மொழிபெயர்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து சாருஜன் பெயர் பதினோராம் படையணியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் விட்ட இடம் எதுவானாலும் ஜெனரல் அந்தப் பெயரை முதலில் கூப்பிடுவார், ஆஜர் வந்த பிறகு கொஞ்சம் பொறுப்பார். வவுனியாவிலிருந்து சுகந்தா தன் கேள்வியைக் கேட்பாள். பையன் தன் மொழியில் பதில் சொல்வான். ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியாது. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, “சரியப்பன், வெயிலுக்குள்ள நிக்காத” என்று சொல்லிப் போனை வைப்பாள்.