இருபதுக்கு இருபது

சென்னையிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த மில் அதிகாரி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொம்பையாவின் விடைத்தாளில் வரிவரியாக விரலை ஓட்டினார். இடப்பக்கம் பி.பி.ஈ., ஈ.டி.பி., எம்.எஸ்.டி.எஸ்., பி.ஓ.டி., சி.ஓ.டி. என்று இருபது சுருக்கங்கள் அச்சடித்திருந்தன. வலப்பக்கம் நீல மையில் இருபதுக்கும் ஆங்கில விரிவு. ஓர் எழுத்துப் பிழை கிடையாது. "இவ்வளவு தெரிஞ்ச ஆளு முகமூடி இல்லாம எப்படிங்க தொட்டிக்குள்ள இறங்குவாரு?" என்று கேட்டார். பாதுகாப்பு அதிகாரி அருணாசலம் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விசாரணைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். விடைத்தாளில் இருந்ததும் என் எழுத்து, நோட்டில் இருந்ததும் என் எழுத்து. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஸ்ரீவைகுண்டம் போகும் சாலையில், ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் அட்டை மில். பழைய காகிதத்தைக் கூழாக்கி அட்டை போடுவார்கள். கூழ்த் தண்ணீரை அப்படியே ஆற்றில் விட முடியாது. சுத்தம் செய்யத் தனி இடம் உண்டு, அதுதான் ஈ.டி.பி. அந்தத் தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று அளக்கும் கணக்குகள் பி.ஓ.டி.யும் சி.ஓ.டி.யும். பத்தொன்பது வருஷமாக, வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸில் இருக்கும் எனக்கு இவையெல்லாம் மனப்பாடம். டார்லினைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள் என்று கிண்டல் செய்வார்கள். சொல்லுவேன்தான். என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு மார்ச்சிலும் பாதுகாப்பு வாரத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரு தேர்வு நடக்கும். தணிக்கைக்கு வருகிறவர்கள் படிக்கவேண்டும் என்பதால் கேள்வியும் பதிலும் ஆங்கிலம். இருபதுக்குப் பதினாறு எடுக்காவிட்டால் கேட் பாஸைப் புதுப்பிக்கமாட்டார்கள். முக்கால்வாசிப் பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள், பத்தாவது பாஸானவர்களுக்கும் இங்கிலீஷ் என்றால் பயம். அதனால் முதல் வருஷம் இரண்டு பேருக்கு நான் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பத்துப் பேர். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அருணாசலம் விடைத்தாள்களை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய்விடுவார். கேன்டீன் மேசையில் நான்கு பேனாக்களை வைத்துக்கொண்டு, சிலருக்குச் சாய்வாக, சிலருக்கு இடது கையால், எல்லாருக்கும் மூன்று நான்கு தப்புகளைக் கலந்து எழுதுவேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்பதை மறைப்பானேன்.

இந்த வருஷம் கொம்பையா அண்ணனுடையது கடைசித் தாள். என் அப்பா பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் வாத்தியார். ஒரு எழுத்து மாறினால் பிரம்பு பேசும். அப்படி வளர்ந்தவளுக்கு முப்பத்தேழு தாளில் வேண்டுமென்றே தப்பு எழுதிக் கை சலித்துப்போயிருந்தது. கடைசித் தாளையாவது சரியாக எழுதி ஆசையைத் தீர்த்துக்கொள்வோம் என்று இருபதையும் சரியாக எழுதினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து பேனா போகும் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழாவது வரியில் விரலை வைத்தார்.

"டார்லினம்மா, இந்த நாலு எழுத்தும் தொட்டிப் பக்கத்துப் பலகையில இருக்குலா? தெனம் பாக்கேன். என்னன்னு போட்டிருக்கு?"

"அது ஐ.டி.எல்.எச்.ண்ணே. எல்லாம் இங்கிலீசு, உங்களுக்கு எதுக்கு? கீழ கையெழுத்தப் போடுங்க, எனக்கு பஸ்ஸு போயிரும்."

அவர் சிரித்துக்கொண்டே போட்டார். உள்ளே போனால் உடனே உயிருக்கு ஆபத்து என்பதுதான் அந்த நாலு எழுத்து. பஸ்ஸைப் பற்றிச் சொன்ன நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். தொட்டியில் அது நடந்த நாளிலிருந்து என்னையே நான் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

இருபதுக்கு இருபது எடுத்ததற்காக அண்ணனுக்கு மாலை போட்டு, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அவர் மனைவி பேச்சித்தாய் விழாவுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டார்லினம்மா சொல்லிக்குடுத்தா, நான் எழுதினேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன். ஐம்பது வயதில் ஒரு பரிசு, பொய் சொல்லாமல் என்ன செய்வார்.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை காலை, கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. பதினோரு மணிக்குச் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போக ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் சரிசெய்ய வேண்டும் என்று ஷிப்டு மேஸ்திரி அவசரப்படுத்தினார். கொம்பையா ஏணியில் இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்ததுதான் அவருக்குத் தெரியும். அவர் சரிந்ததைப் பார்த்து, பேச்சித்தாயின் தம்பி பிச்சைக்கண்ணு பின்னாலேயே இறங்கிவிட்டான். அவனும் எங்கள் மில்தான், அதே ஷிப்டு. இருபத்தொன்பது வயது. கயிறு கட்டி இரண்டு பேரையும் தூக்கினார்கள். கொம்பையாவுக்கு மூச்சு இருந்தது.

விசாரணை முடிந்த மறுநாளே, கொம்பையா தெரிந்தே இறங்கினான், மச்சினனைக் காவு கொடுத்துவிட்டான் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அதற்கு அடுத்த நாள் பேச்சித்தாய் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். தாயில்லாத தம்பியைத் தன்னுடைய எட்டு வயதிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அழுது முடித்த முகம்.

"நீங்க சொல்லிக்குடுத்தியளாமே. தொட்டிக்குள்ள ஆபத்துன்னு அவியளுக்குத் தெரியுமா, தெரியாதா? அது ஒண்ண மட்டும் சொல்லுங்க. நான் போயிருதேன்."

எனக்குப் பின்னால் அருணாசலம் எதையோ தேடுகிற மாதிரி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என் வேலை, என் மானம், முப்பத்தெட்டுத் தாள்கள், எல்லாம் ஒரே சமயத்தில் நெஞ்சுக்குள் வந்தன. "சொல்லிக் குடுத்தேங்கா" என்றேன். பேச்சித்தாய் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே துணிமணிகளை எடுத்துக்கொண்டு, ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

இருபது நாள் பொறுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்தால் பாட்டு வாய்க்கு வரவில்லை. கடைசியில் கொம்பையா அண்ணனைத் தேடிப் போனேன். தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு வாக்கியம் பேசினால் மூன்றாவதற்கு இருமல் வந்துவிடுகிறது.

"மில்லுல போய் உண்மையச் சொல்லிருதேன்ண்ணே."

"வேண்டாம்மா. என் தாளச் சொன்னா எல்லாத் தாளையும் நோண்டுவாவ. அம்புட்டுப் பேரு கேட் பாஸும் போயிரும். அந்தப் பாவத்தையும் நான் சொமக்கணுமா?"

"அக்காட்டயாவது சொல்லலாம்லா?"

அவர் கஞ்சிச் சட்டியைத் தள்ளி வைத்தார். "எப்பவும் கூமுட்டை நாத்தம் அடிக்கும். அன்னைக்கு ஏணி பாதி எறங்குனதும் நாத்தமே இல்ல. நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சு எறங்குனேன். இத அவகிட்ட சொன்னேன். நம்பலை. இனி என்ன சொல்ல?"

தொட்டியில் சேரும் விஷவாயு மிதமிஞ்சினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். பாதுகாப்பு வகுப்பில் அருணாசலம் இதை ஆங்கிலத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். விளக்கை அணைத்ததும் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கவனித்ததாக எழுதினேன்.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டுப் பேச்சித்தாயைப் பார்க்கப் போனேன். வாழைத்தோட்டத்தில் இலை அறுப்பு. மற்றப் பெண்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டிருந்தார்கள். அவர் மட்டும் வரப்பில் உட்கார்ந்து கடைசிக் கட்டை நாரால் இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"அன்னைக்குப் பொய் சொல்லிட்டேங்கா. அண்ணனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் சொல்லிக் குடுக்கவும் இல்ல. அந்தத் தாள் பூரா நான் எழுதுனது. பலகையில என்ன போட்டிருக்குன்னு கேட்டாவ, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

நாரை முடிந்துகொண்டிருந்த கை நின்றது. ஆற்றுப் பக்கமிருந்து யாரோ மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. என்னைத் திட்டுவார், மண்ணை அள்ளித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"இருமிக்கிட்டே வந்து சோறு கேட்டாவ" என்றார், மெதுவாக. "போடலை."

நார் முடிச்சை இழுத்து இறுக்கினார். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தம்பி தாளையும் நீங்கதான் எழுதினியளா?"

சத்தியமாக அதுவரை எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. கொம்பையாவின் தாளையே நினைத்து நினைத்துத் துக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் பிச்சைக்கண்ணுவுடையதும் ஒன்று. பதினாறு மார்க். நான்கு தப்புப் போட்டது ஞாபகம் இருந்தது. எந்த நான்கு என்று ஞாபகம் இல்லை.

"ஆமாக்கா."

பேச்சித்தாய் எழுந்து சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். கட்டு பெரியது, ஒருத்தர் கை கொடுக்காமல் தலைக்கு ஏறாது. நான் குனிந்து ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவர் மறுபக்கத்தைப் பிடிக்கவில்லை. என் கையையும் விலக்கவில்லை. சும்மாடு தலையில் இருக்க, வண்டிப்பாதைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி நின்றார். பாதை கண்ணுக்கு எட்டிய மட்டும் காலியாகக் கிடந்தது. நான் இலைக்கட்டைப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன்.